எங்கே இருக்கிறாய்?

பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காத வீடு இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த வீட்டை நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பாடம் விடுபட்டுப்போனதால்தான் முதல் பாடம் பலிக்காமல் போகிறது என்று நினைக்கிறேன். இதைப் பேச, படிக்கப் போன இடத்திலிருந்து நாங்கள் ஆறு பேர் போய்வந்த ஒரு வார இறுதிப் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதில் பெரிய சாகசம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரே பயணத்தைப் பற்றி ஆறு வீடுகளுக்கு ஆறு விதமான செய்தி போனது. அந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, உண்மை, பொய் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் இரண்டு சொற்களும் எனக்கு எளிதாகத் தெரியவில்லை.

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆகன் நகரில் நாங்கள் வெளிநாட்டு மாணவர்கள். பெண்கள் நான்கு பேர்: சேலத்துத் தோழி, கோழிக்கோட்டுத் தோழி, ஸ்பெயினிலிருந்து வந்தவள், நான். ஆண்கள் இருவர்: ஒருவன் சென்னை, ஒருவன் புனே. வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் ஏறினால், பெல்ஜியத்தைத் தூக்கத்திலேயே கடந்து விடியும்போது பாரிஸில் இறங்கிவிடலாம். சனி, ஞாயிறு இரண்டு பகல். நடுவில் ஓர் இரவு மலிவான தங்கும் விடுதி. திங்கள் காலை மறுபடி வகுப்பு.

வீட்டில் யார் என்ன சொன்னோம் என்பது பேருந்தில் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடும்போது தெரியவந்தது. சென்னைக்காரன் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் ஈபிள் கோபுரத்தின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டான். அவன் அப்பா ஒரு கட்டைவிரலைப் போட்டு, ‘சாப்டியாடா?’ என்று கேட்டார். அவ்வளவுதான். புனேக்காரனுக்கு, வீட்டில் சொல்ல வேண்டுமா என்ற எண்ணமே நாங்கள் கேட்டபோதுதான் வந்தது. ஸ்பெயின்காரி அம்மாவிடம் வேறு ஏதோ பேசும்போது போகிறபோக்கில் சொல்லியிருந்தாள். கோழிக்கோட்டுத் தோழி அப்பாவிடம் நேராகச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். அடுத்த மூன்று வாரம் அவர் அவளோடு பேசவில்லை. சேலத்துத் தோழி, ஆய்வக அறிக்கை முடிக்க வேண்டியிருக்கிறது, இரண்டு நாளும் அறையைவிட்டு நகர முடியாது என்று சொல்லியிருந்தாள். நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மைக்கு அதன்பிறகு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பையன்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. அதற்காக அவர்களை வாய்மை உள்ளவர்கள் என்று சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதிலால் எதுவும் பறிபோயிருக்காது. சேலத்துத் தோழி உண்மை சொல்லியிருந்தால் பயணம் மட்டும் போகாது. படிப்பே போகலாம், வரன் பார்க்கும் வேலை ஓராண்டு முன்னால் தொடங்கலாம், அவளை அனுப்பச் சொல்லி வாதாடிய அம்மா வீட்டில் தலைகுனிய வேண்டிவரலாம். ஒரே வாக்கியம். அவனுக்கு விலை இல்லை. அவளுக்கு அவள் எதிர்காலமே விலை. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து, ‘அவன் நேர்மையானவன், அவள் பொய்க்காரி’ என்று சொன்னால் தராசில்தான் ஏதோ கோளாறு.

உண்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை நம் ஊர்க் கதைகள் மறைக்கவில்லை. நாம்தான் கவனிப்பதில்லை. வாய்மைக்கு நாம் காட்டும் முதல் ஆள் அரிச்சந்திரன். கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவதற்காக நாட்டை இழந்தான், தன்னையும் விற்றுக்கொண்டான் என்று தெருக்கூத்து விடிய விடியப் பாடுகிறது. ஆனால் தன்னை விற்றுக்கொள்வதற்கு முன் அவன் காசியில் விற்றது மனைவியையும் மகனையும். சந்திரமதி அடிமையானாள், லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்தான். சொல் அவனுடையது, விலைபோனது அவள். கூத்து பார்த்து அழுத நம் பாட்டிகள் அரிச்சந்திரனுக்காகத்தான் அழுதார்கள் என்று எனக்கு நிச்சயமில்லை.

வள்ளுவர் இந்த இடத்தில் கெட்டிக்காரர். வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, யாருக்கும் தீங்கு தராத சொல்தான் வாய்மை என்று வரையறுத்துவிடுகிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளில் சொல்கிறார். உண்மையை அவர் நடந்த செய்தியோடு ஒட்டவைத்துப் பார்க்கவில்லை. அது யாருக்கு என்ன செய்கிறது என்பதோடு வைத்துப் பார்க்கிறார். சேலத்துத் தோழியின் பொய்யால் யாருக்கும் தீங்கில்லை, அதனால் அது வாய்மைதான் என்று இங்கேயே முடித்துவிட்டுப் போகலாம். நான் அப்படி முடிக்கவில்லை. காரணம், அந்தப் பொய் ஒருத்திக்குத் தீங்கு செய்தது. அவளுக்கே.

சனிக்கிழமை பிற்பகல் மோன்மார்த் குன்றில், சாக்ரே கேர் தேவாலயத்துக்குக் கீழே இறங்கும் படிகளில் அவள் வழுக்கி விழுந்தாள். ஊன்றிய கை வீங்கிவிட்டது. அவசரப் பிரிவில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். மணிக்கட்டில் சின்ன விரிசல், மாவுக்கட்டு போட்டார்கள். செலவு பற்றிய பயம் சீக்கிரம் தீர்ந்தது. ஜெர்மனியின் பொதுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை; பிரான்சிலும் செல்லும். அந்த அட்டைக்கு அவள் எங்கே விழுந்தாள் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விழுந்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் ‘வலிக்கிறது’ இல்லை. ‘வீட்டுக்குத் தெரியக் கூடாது’ என்றாள்.

அன்றிரவு வழக்கமான நேரத்துக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. விடுதி அறையில் வெறும் சுவர் இருக்கும் மூலையைத் தேடி உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கை திரைக்கு வெளியே. ‘ஏங் கண்ணு, மொகம் வாடிக்கெடக்குது?’ என்று அவள் அம்மா கேட்டது எங்களுக்கும் கேட்டது. ‘தூக்கமில்லம்மா, வேல ஜாஸ்தி’ என்றாள். சேலத்தில் இரவு மணி பன்னிரண்டு இருக்கும். மகள் முகம் வாடியிருப்பதைக் கடல் தாண்டி, சின்னத் திரையில் கண்டுபிடிக்கத் தெரிந்த அந்த அம்மாவிடம் கை உடைந்ததைச் சொல்லி அழ அவளால் முடியவில்லை.

பொய்யின் உண்மையான விலை இதுதான் என்று எனக்கு அங்கே தோன்றியது. அது பெற்றோருக்குச் செய்த துரோகமாக எனக்குப் படவில்லை. சுதந்திரமாக ஓர் இடத்துக்குப் போக அவள் கட்டிய வரியாகத்தான் தெரிந்தது. காயப்படும் உரிமையை, காயப்பட்டால் அம்மாவைக் கூப்பிடும் உரிமையைக் கொடுத்துத்தான் அந்த இரண்டு நாளை அவள் வாங்கியிருந்தாள். பையன்கள் அதே படிகளில் இறங்கினார்கள். விழுந்திருந்தால் வீட்டில் திட்டு வாங்கியிருப்பார்கள், கூடவே மருந்துச் செலவுக்குப் பணமும் வந்திருக்கும்.

பொய்யைப் பற்றிய தத்துவ விவாதங்களில் மிகப் பெயர்பெற்றது ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. அவர் பதில் சொன்னது பெஞ்சமின் கான்ஸ்டான்ட் என்பவருக்கு. உண்மையைப் பெறும் உரிமை உள்ளவருக்குத்தான் உண்மை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது என்று கான்ஸ்டான்ட் வாதிட்டிருந்தார். இருநூறு ஆண்டுகளாக மாணவர்கள் இந்தக் கொலைகாரனை வைத்து வாதாடுகிறார்கள். என் கவலை வேறு. வாசலில் நிற்பவன் கொலைகாரன் என்றால் முடிவெடுப்பது சுலபம். வாசலில் நின்று கேட்பது நம்மை வளர்த்தவர்கள், நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பியவர்கள், நாம் நேசிப்பவர்கள் என்றால் என்ன செய்வது? அவர்களைக் கொலைகாரனோடு சேர்த்துப் பேச எந்த மகளுக்கும் நா எழாது. அவர்களுக்கு உண்மைக்கான உரிமையே இல்லை என்றும் சொல்லத் தோன்றாது.

காண்ட்டிடம் இதற்குப் பக்கத்தில் வரும் கேள்வியை ஒரு பெண் கேட்டிருக்கிறாள். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் ஊரைச் சேர்ந்த மரியா ஃபொன் ஹெர்பர்ட், அவருடைய நூல்களைப் படித்தவர், 1791இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு ஒருவரைக் காதலித்ததைத் தன் அன்புக்குரியவரிடம் மறைத்திருந்தார்; பிறகு சொல்லிவிட்டார். சொன்னதும் அவருடைய அன்பு ஆறிப்போனது. உண்மை சொன்னதால் வாழ்க்கை வெறுமையாகிவிட்டது, இப்போது நான் என்ன செய்ய என்று கேட்டார். காண்ட் அறவுரை கலந்த நீண்ட பதில் அனுப்பினார். ஹெர்பர்ட் மேலும் எழுதினார். அவருடைய கடிதங்களை காண்ட் 1793இல் தனக்குத் தெரிந்த ஒரு நண்பரின் மகளுக்கு அனுப்பிவைத்தார். உணர்ச்சிவசப்பட்ட பெண்ணின் கதி என்ன ஆகும் என்பதற்கு எச்சரிக்கையாக. ஹெர்பர்ட் 1803இல் தற்கொலை செய்துகொண்டார். தன்னிடம் உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணின் கடிதத்தை, உண்மையின் காவலர் மற்றொரு பெண்ணைத் திருத்தும் பாடமாக ஆக்கிவிட்டார். நம் வீடுகளில் ‘அவளப் பாத்துத் தெரிஞ்சுக்கோ’ என்று ஒருத்தியின் கதை மற்றவளுக்குச் சொல்லப்படும் விதம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆனாலும் அந்தப் பதில் கடிதத்தில் காண்ட் சொன்ன ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். மனதில் உள்ள எல்லாவற்றையும் கொட்டாமல் அடக்கிவைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்கிறார். முன்னதில் குற்றம் இல்லை. சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். உண்மையை எல்லாம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. இந்த வேறுபாடு அழகானது, நியாயமானது. ஒரே ஒரு சிக்கல்: இது வேலைசெய்ய, சொல்லாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். மௌனம் என்பது பதிலாக ஏற்கப்பட வேண்டும்.

சேலத்துத் தோழிக்கு அந்த இடம் இல்லை. ‘எங்க இருக்கே?’ என்று கேட்டால் ‘வெளிய இருக்கேன்’ என்பது பதில் ஆகாது. எந்த வெளியே, யாரோடு, எப்போது அறைக்குத் திரும்புவாய், கேமராவைக் கொஞ்சம் திருப்பு. எடுக்காமல் விட்டால் கடைசியாகப் பார்த்த நேரம் காட்டிக்கொடுக்கும், நீல டிக் காட்டிக்கொடுக்கும். ஒரு தலைமுறைக்கு முன் வெளிநாடு போனவர்களுக்குக் கடிதம் போய்ச்சேர எடுக்கும் நாட்களே ஒரு திரையாக இருந்தது. அந்த இடைவெளியில் யாரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை, யாரும் கேட்கவும் முடியவில்லை. இப்போது மௌனம் என்ற அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியிருப்பது இரண்டு கதவுகள்: முழுதாக ஒப்பித்தல், அல்லது பொய். இரண்டாவது கதவைத் திறந்தவளைக் குறைசொல்பவர்கள், மூன்றாவது கதவை யார் பூட்டினார்கள் என்று கேட்பதில்லை.

திரும்பும் வழியில் ஒரு சிறு விஷயம் நடந்தது. 1985இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையால்தான் இந்த எல்லைகளைத் தூங்கிக்கொண்டே கடக்க முடிகிறது. போகும்போது எங்கள் பேருந்தை யாரும் நிறுத்தவில்லை. வரும்போது ஜெர்மனி எல்லையில் காவலர்கள் ஏறினார்கள். கடவுச்சீட்டு, வசிப்பிட அட்டை இரண்டையும் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆகன், மாணவர்கள் என்றோம். இறங்கிப் போய்விட்டார்கள். அரசாங்கமே கேட்டாலும் அதன் கேள்விக்கு ஒரு முடிவு இருக்கிறது. என்ன கேட்கலாம், எது போதும் என்று எங்கோ எழுதிவைத்திருக்கிறது. வீட்டின் கேள்விக்கு முடிவு இல்லை. அன்பு என்ற பெயரில் வருவதால் அதற்கு எல்லை வகுக்கவும் நமக்குக் கூச்சம்.

பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறார்கள் என்று சொல்லலாம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பெண்ணைத் தொலைவில் விட்டுவிட்டுத் தூங்காத அம்மாக்களை எனக்குத் தெரியும். ஆனால் அன்று மோன்மார்த் படிகளில் அவள் விழுந்தபோது, அவள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்றுகூட அவள் வீட்டுக்குத் தெரியாது. ஆறு வீடுகளிலும் அதிகம் கேள்வி கேட்ட வீட்டுக்குத்தான் மிகக் குறைவாகத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காத சென்னை வீட்டுக்கு மகன் எந்தக் கோபுரத்துக்குக் கீழே நிற்கிறான் என்பதுவரை தெரிந்திருந்தது. பதிலுக்குத் தண்டனை உண்டு என்றால் கேள்வி தகவலைக் கொண்டுவருவதில்லை, பொய்யைத்தான் கொண்டுவருகிறது. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் இந்த முறை தோற்றுவிட்டது. தோற்ற முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால் நோக்கம் வேறு ஏதோவாக இருக்க வேண்டும்.

பணம் போடுகிறவருக்குக் கேட்கும் உரிமை இல்லையா என்பது அடுத்த வாதம். ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்டால், 2024இன் கணக்குப்படி, ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். நம் வீடுகளுக்கு அது சாதாரணப் பணம் அல்ல. ஆனால் சென்னைக்காரனுக்கும் அதே தொகையைத்தான் அவன் அப்பா போட்டார். கேள்வி பணத்தைத் தொடர்ந்து போயிருந்தால் அவனிடமும் போயிருக்கும். அது பெண்ணைத் தொடர்ந்துதான் போகிறது. ஒன்று மட்டும் உண்மை: கோழிக்கோட்டுத் தோழி அப்பாவிடம் நேராகச் சொல்லிச் சண்டை போட முடிந்ததற்கு, அவள் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டதும் காரணம். உண்மை பேசத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். துணிச்சலுக்கு அடியில் பெரும்பாலும் ஒரு சம்பளம் இருக்கிறது.

இப்போது என் உண்மைக்கு வருகிறேன். அம்மாவிடம் சொன்னேன். ‘சரி போய்ட்டு வா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்லிக்காத’ என்றாள். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது: எங்கள் வீட்டில் பொய்க்கு வேலை இல்லை. பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, பல்கலைக்கழகமே மாணவர்களைக் கூட்டிப்போகிறது, கூடவே பேராசிரியை வருகிறார் என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். வராத பேராசிரியைக்கு ஒரு வயதும் கொடுத்திருந்தாள், ஐம்பது. நான் சொல்லாத பொய் மறைந்துபோகவில்லை. ஒரு படி மேலே ஏறி, அம்மா தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு நாளும் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் பதில்சொல்ல வேண்டியவள் அவள். தன் காலத்தில் மேட்னி ஷோவுக்குப் போக அவளுடைய அம்மா இப்படி ஒரு பொய்யைச் சுமந்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஆகவே ‘நீ உண்மையைச் சொல்லிவிடு’ என்று ஒரு பெண்ணுக்கு மட்டும் தனியாக அறம் போதிப்பதில் பயனில்லை. கேள்வி அப்படியே இருக்கும்வரை, ஒருத்தி இறக்கிவைக்கும் பொய்யை இன்னொருத்தி தூக்கிக்கொள்கிறாள்.

இதெல்லாம் நம் ஊர்ப் பிரச்சினை, பாரிஸ் வேறு உலகம் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெண்கள் நால்வரும் மோன்பர்னாஸ் இடுகாட்டுக்குப் போனோம். சிமோன் த பொவ்வார் அங்கே சார்த்தரோடு ஒரே கல்லறையில் இருக்கிறார். கல்லில் யாரெல்லாமோ பதித்த உதட்டுச்சாய முத்தங்கள். அதே மோன்பர்னாஸ் பகுதியில் வளர்ந்த பொவ்வாருக்கு வரும் கடிதங்களை அவருடைய அம்மா பிரித்துப் படிப்பார். மாணவியாக இருந்தபோது, சமூகப் பணிக் குழுவின் மாலைக் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுக்கூடங்களுக்குப் போனதை 1958இல் வெளியான தன் இளமை நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். ‘இரண்டாம் பாலினம்’ எழுதிய பெண்ணும் ஆய்வக அறிக்கை சொன்ன பெண்தான். பிரான்சில் மனைவி தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் கணவனின் சம்மதம் இல்லாமல் முடியும் என்று சட்டம் மாறியது 1965இல். மேற்கு ஜெர்மனியில், இல்லறக் கடமைகளுக்குக் குந்தகம் வராதவரைதான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977வரை இருந்தது. அங்கே கேள்வியின் எல்லை தானாகச் சுருங்கவில்லை, பெண்கள் போராடிச் சுருக்கினார்கள்.

சுருக்கிய பிறகும் அது வேறு வாசலில் வந்து நிற்கிறது. அம்மாவிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டு வந்த ஸ்பெயின் தோழி, இரண்டு நாளும் தன் லைவ் லொகேஷனைக் காதலனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். மருத்துவமனையில் காத்திருந்தபோது, ஏன் நான்கு மணி நேரமாக ஒரே இடத்தில் இருக்கிறாய் என்று அவன் கேட்டான். அவள் காத்திருப்போர் கூடத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கும் குரல் வேறு. கேள்வி எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு எல்லை கட்டும் வேலை நடக்காமல் இல்லை. 2015இல் தில்லியில் தொடங்கிய ‘பிஞ்சரா தோட்’ இயக்கம், மாணவியருக்கு மட்டும் விடுதி வாசலை முன்னதாகப் பூட்டுவது ஏன் என்று கேட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், வயதுவந்த பெண்ணான ஹாதியாவின் திருமணத்தை ரத்துசெய்து அவரைப் பெற்றோர் பொறுப்பில் விட்டிருந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அரசியல் சட்டத்தின் முன் பதினெட்டு வயதுப் பெண் முழு மனுஷி. ஆனால் அந்தச் சட்டம் நம் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறது. உள்ளே அழைக்க வேண்டியது நாம்தான்.

அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1975இல் பெண்களும் பொய்யும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆணின் மானம் அவன் கொடுக்கும் சொல்லில் இருப்பதாகவும், பெண்ணின் மானம் அவள் உடலில் இருப்பதாகவும் உலகம் வைத்துக்கொண்டது. அதனால் பெண் உண்மை பேசுகிறாளா என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்பது அதில் ஒரு வாதம். நம் வீட்டின் கேள்வியும் அப்படித்தான். ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்கும்போது அவர்கள் அவள் சொல்லை அறிய விரும்பவில்லை. உடல் எங்கே இருக்கிறது என்றுதான் அறிய விரும்புகிறார்கள். ரிச் இன்னொன்றும் சொல்கிறார்: பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பொய் அவர்களைத் தனிமைப்படுத்துகிறது. அதனால் பெண்களுக்கு இடையில் உண்மை வேண்டும். நான் பார்த்தது இதற்குச் சாட்சி. சேலத்துத் தோழி வீட்டில் பொய் சொன்னாள், எங்களிடம் சொல்லவில்லை. எந்தப் பேருந்து, எந்தப் படுக்கை, கைப்பையில் எவ்வளவு பணம், வீட்டில் என்ன சொல்லியிருக்கிறேன், எல்லாம் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அன்று நான்கு மணி நேரம் அவள் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. உண்மைக்குப் பாதுகாப்பான ஓர் இடம் கிடைத்ததும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த இடம் இது. வாய்மை ஓர் அறம்தான். ஆனால் அது சொல்பவருக்கு மட்டும் உரிய அறம் அல்ல, கேட்பவருக்கும் அதில் பாதிப் பொறுப்பு உண்டு. எந்தப் பதில் வந்தாலும் அவளிடமிருந்து எதையும் பறிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிறவர்தான் உண்மையைக் கேட்கத் தகுதி உள்ளவர். ‘சொல்ல விருப்பமில்லை’ என்பதையும் பதிலாக ஏற்றுக்கொள்கிற வீட்டில்தான், சொல்லும் சொல் உண்மையாக இருக்கும்.

பெற்றோரை மாற்றுவது எளிதல்ல. ஆனால் நம்மில் பலர் நாளை கேட்கும் இடத்துக்குப் போகப்போகிறோம்: அக்காவாக, சித்தியாக, அத்தையாக, ஆசிரியையாக, விடுதிக் காப்பாளராக, அம்மாவாக. அந்தக் கேள்வி நம் நாக்கிலும் தயாராகத்தான் இருக்கிறது. என் தங்கை இப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். எங்கே இருக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அவள் எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் கிளம்புவேன், காரணத்தைப் பிறகு கேட்பேன், அல்லது கேட்கவே மாட்டேன். போன மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறேன் என்று அவளே சொன்னாள்.